பல்லாவரம் சந்தையில் விற்க முடியாத பொருள்

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கீங்களா? பழைய மானிட்டர், கீபோர்டு, மிக்ஸி மோட்டார், ஸ்பேனர் செட், மரக் கட்டில், சைக்கிள், ஏன், செடியும் புறாவும் கூட அங்க கிடைக்கும். ஒருத்தர் பயன்படுத்தி முடிச்ச பொருளுக்கு இன்னொருத்தர் விலை பேசுற இடம் அது. அங்க யாரும் யார்கிட்டயும் அனுமதி கேட்கிறதில்ல. மிக்ஸியை விற்கிறவர் மிக்ஸி கம்பெனிக்கு லெட்டர் போட்டுட்டு வர்றதில்ல.

இப்போ ஒரு கேள்வி. அந்தச் சந்தையில ஒரு பழைய கம்ப்யூட்டரை விற்கலாம். அதுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரை விற்கலாமா? காசு கொடுத்து, பில் வாங்கி, முறையா இன்ஸ்டால் பண்ணின சாஃப்ட்வேரைத்தான் கேட்கிறேன். கிராக் பண்ணினதை இல்ல.

நம்ம கிளாஸ்ல இதைக் கேட்டா ரெண்டு பதில் வரும். "பில் இருக்குல்ல, அப்புறம் என்ன, தாராளமா விற்கலாம்" என்பது ஒண்ணு. "அது லைசென்ஸ்டா, விற்கவே கூடாது" என்பது இன்னொண்ணு. ரெண்டுமே பாதிதான் சரி. என்ன வகை லைசென்ஸ், எந்த நாடு, யார் பேர்ல வாங்கினது என்பதைப் பொறுத்து பதில் மாறும். அந்த விவரத்தை முதல்ல சொல்றேன். அதுக்கப்புறம் என் கருத்தையும் சொல்றேன்: முழுப் பணம் கட்டி வாங்கின நிரந்தர லைசென்ஸை மறுபடி விற்கிற உரிமை இந்தியாவுல சட்டமாவே வரணும்.

நமக்கு எதுக்கு இது?

பிளேஸ்மென்ட்ல பெரிய ஐ.டி. கம்பெனிக்குப் போறவங்களுக்கு இது தலைவலி இல்ல. லைசென்ஸைப் பார்த்துக்க அங்க தனி டீமே இருக்கும். ஆனா நம்மள்ல எல்லாரும் அங்க போகப் போறதில்ல. திருநீர்மலையைத் தாண்டினா திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. மெக்கானிக்கல், ஈ.இ.இ. படிச்ச பல சீனியர்கள் அந்த மாதிரி எஸ்டேட்டுகள்லதான் டிசைன் இன்ஜினியராவோ புரோகிராமராவோ ஆரம்பிச்சிருக்காங்க. பத்து இருபது பேர் வேலை செய்யுற ஷாப்ல ஐ.டி. டீம் எல்லாம் கிடையாது. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன், இதைப் பாரு" என்று ஓனர் நம்ம கையில கொடுத்துடுவார். அன்னைக்கே லைசென்ஸ் நம்ம பொறுப்பு ஆயிடும்.

இன்னொண்ணு, சின்னத் தொழில் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்லதான் ஆரம்பிக்குது. பழைய லேத், பழைய மில்லிங் மெஷின், மூடின கம்பெனியிலிருந்து எடுத்த வி.எம்.சி. என்று வாங்கித்தான் ஒருத்தர் ஓனரே ஆகிறார். மெஷினைக் கைமாத்தலாம், ஷெட்டைக் கைமாத்தலாம், டேபிள் நாற்காலி வரைக்கும் கைமாத்தலாம். அந்த மெஷினுக்கு டூல் பாத் எழுதுற கேம் சாஃப்ட்வேர் மட்டும் கைமாறாது. அதோட விலை சில நேரம் பழைய மெஷின் விலைக்குக் கிட்டயே வந்துடும்.

நீங்க வாங்குறது என்ன?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, கம்ப்யூட்டர் புரோகிராமை "இலக்கியப் படைப்பு" என்ற வகையில வைக்குது. அதாவது சட்டத்தின் கண்ணுல ஆட்டோகேடும் ஒரு நாவலும் ஒரே அலமாரிதான். ஆனா நாவலைப் படிச்சு முடிச்சு பழைய புத்தகக் கடையில போடலாம். எழுத்தாளர் வந்து தடுக்க முடியாது. கதையோட உரிமை அவர்கிட்ட இருக்கு, அந்த ஒரு பிரதி உங்களுடையது. அந்தப் பிரதியை ஒரு தடவை விற்றதோட அதன் மேல அவருக்கு இருந்த பிடி முடிஞ்சுடுது. இதுக்கு "முதல் விற்பனை" கொள்கைன்னு பேர்.

சாஃப்ட்வேர் கம்பெனிகள் இந்த இடத்துலதான் கெட்டிக்காரத்தனமா ஒரு வார்த்தையை மாத்தினாங்க. "நாங்க உங்களுக்கு விற்கல, லைசென்ஸ் கொடுக்கிறோம்." இன்ஸ்டால் பண்ணும்போது படிக்காம "ஐ அக்ரீ" அழுத்துறோமே, அந்த ஒப்பந்தத்தில முதல் சில வரியிலேயே இது இருக்கும். விற்பனையே நடக்கலன்னா முதல் விற்பனை எங்கிருந்து வரும்?

லோக்கல் டிரெயின் சீசன் டிக்கெட்டை நினைச்சுக்கோங்க. தாம்பரம் முதல் பீச் வரைக்கும் மாசம் முழுக்க போகலாம். ஆனா அது உங்க பேர்ல இருக்கு. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு ரூம்மேட் அதை எடுத்துட்டுப் போக முடியாது. டி.டி.ஆர். பிடிச்சா அவர் டிக்கெட் இல்லாத பயணிதான். லைசென்ஸும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனா எல்லா லைசென்ஸும் இல்ல. வகையைப் பார்ப்போம்.

வகையும் கைமாத்தும் விதியும்

முதல்ல ஓ.இ.எம். லைசென்ஸ். லேப்டாப்போட வர்ற விண்டோஸ் இதுதான். இது உங்களோட கட்டுப்பட்டதில்ல, அந்த மெஷினோட கட்டுப்பட்டது. லேப்டாப்பை விற்றா விண்டோஸும் சேர்ந்து போகும். விண்டோஸை மட்டும் கழற்றி வேற மெஷின்ல போட முடியாது. பழுதாகாத மதர்போர்டை அப்கிரேடுக்காக மாத்தினா மைக்ரோசாஃப்ட் கணக்குல அது புது கம்ப்யூட்டர், புது லைசென்ஸ் வேணும். பழுதுக்காக மாத்தினா பழைய லைசென்ஸே தொடரும்.

அடுத்தது ரீடெயில். தனியா காசு கொடுத்து வாங்குற பெட்டி அல்லது கீ. விலை அதிகம், சுதந்திரமும் அதிகம். விண்டோஸ் ரீடெயில் லைசென்ஸைப் பழைய மெஷின்ல அழிச்சுட்டு புது மெஷின்ல போடலாம். முதல் உரிமையாளர் இன்னொருத்தருக்குக் கொடுக்கவும் விதி இருக்கு. ஆகவே "மைக்ரோசாஃப்ட் லைசென்ஸை மாத்த முடியாது" என்று யாராவது சொன்னா, "எந்த லைசென்ஸ்?" என்று திருப்பிக் கேளுங்க.

மூணாவது வால்யூம் லைசென்ஸ். ஒரு நிறுவனம் மொத்தமா வாங்குறது. இது அந்த நிறுவனத்தோட சொத்துக் கணக்குல இருக்கும், ஊழியர் வேலையை விட்டாலும் அவரோட போகாது. விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ்ல இன்னொரு நுணுக்கம்: அது அப்கிரேடு மட்டும்தான், அடியில ஏற்கெனவே தகுதியான ஒரு விண்டோஸ் லைசென்ஸ் இருக்கணும். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் "லைஃப்டைம் கீ" விற்கிறாங்களே, முறையான ரீடெயில் கீ அந்த விலைக்கு வராது. கீ வேலை செய்யுறதும் லைசென்ஸ் இருக்கிறதும் ஒண்ணில்ல.

நாலாவது, பயனாளர் கணக்குல வர்றது. இதுல ரெண்டு விதம். ஒருத்தர் பேர்ல பதிவானது நேம்டு யூசர். சர்வர்ல இத்தனை சீட்டுன்னு வைச்சு, யார் முதல்ல திறக்கிறாங்களோ அவங்களுக்குக் கொடுக்கிறது ஃப்ளோட்டிங். லேப் எக்ஸாம் அன்னைக்கு "லைசென்ஸ் காலியில்ல" என்று எரர் வந்து எல்லாரும் அலறுவோமே, அது ஃப்ளோட்டிங்தான். ஃப்ளோட்டிங் சீட்டு ஒரே நிறுவனத்துக்குள்ள தாராளமா சுத்தும், வெளியில போகாது.

அஞ்சாவது டாங்கிள். பென்டிரைவ் மாதிரி ஒரு யு.எஸ்.பி. பூட்டு. பல கேம், டிசைன் சாஃப்ட்வேர்களுக்கு இருந்தது, சிலதுக்கு இன்னும் இருக்கு. பழைய மெஷின் விற்கிறவர் டாங்கிளையும் கையில கொடுத்து "எல்லாம் உள்ள இருக்கு சார்" என்பார். டாங்கிள் வெறும் சாவி. வீட்டுச் சாவி கையில இருந்தா வீடு உங்க பேர்ல இருக்குன்னு அர்த்தமில்லையே. ஒப்பந்தத்தில சம்மதம் வேணும்னு இருந்தா, கம்பெனி ரெக்கார்டுல பேர் மாறணும்.

ஆறாவது, நம்ம ஊர்க் கடைகளுக்கு ரொம்பப் பழக்கமான டேலி. டேலிபிரைம் சில்வர்னா ஒரு யூசர், கோல்டுன்னா ஒரே நெட்வொர்க்ல பல பேர். கம்ப்யூட்டர் மாத்துறீங்கன்னா பழைய மெஷின்ல லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு புதுசுல ஆக்டிவேட் பண்ணணும். சரண்டர் பண்ணாம பழைய மெஷினைத் தள்ளிவிட்டுட்டு, அப்புறம் உட்கார்ந்து தேடுறவங்க நிறைய. சரண்டர் என்ற வார்த்தையை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி வாதத்துக்கு வேணும்.

ஏழாவது சந்தா. அடோபி 2013ல கிரியேட்டிவ் கிளவுடுக்கு மாறினது. ஆட்டோடெஸ்க் 2016ல புது நிரந்தர லைசென்ஸ் விற்கிறதையே நிறுத்தினது. இதுல கைமாத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. பணம் நின்னா கதவு மூடும். வாடகை வீட்டை விற்க முடியாது, அவ்வளவுதான்.

எட்டாவது நம்மோடது, எஜுகேஷன் லைசென்ஸ். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஒரு வருஷம் இலவசமா கொடுக்குது, மாணவரா இருக்கிற வரைக்கும் புதுப்பிச்சுக்கலாம். நிபந்தனை ஒண்ணு: படிப்புக்கு மட்டும், சம்பாத்தியத்துக்கு இல்ல. ஒரு காலத்துல ஸ்டூடன்ட் வெர்ஷன்ல வரைஞ்ச டிராயிங்கை பிரின்ட் எடுத்தா தாளின் ஓரத்தில அதைச் சொல்ற முத்திரையே விழும். இப்போ முத்திரை இல்ல, நிபந்தனை அப்படியே இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் "உன் லேப்டாப்லதான் சாஃப்ட்வேர் இருக்கே, அதுலயே கஸ்டமர் டிராயிங்கைப் போட்டுக் கொடு" என்று கேட்பாங்க. அன்னைக்கு இதை நினைச்சுக்கோங்க.

கடைசியா ஓப்பன் சோர்ஸ். ஜி.பி.எல். மாதிரி லைசென்ஸ்ல கைமாத்துறதுதான் விதியே. யார் கைக்குப் போனாலும் அவருக்கு அதே உரிமை தானா கிடைக்கும். காசுக்கு விற்றாலும் தப்பில்ல, சோர்ஸ் கோடையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்கணும். இதுல நம்ம ஏரியாவுக்கு ஒரு பங்கு இருக்கு. 2005ல தொடங்கின தேசிய ஓப்பன் சோர்ஸ் வள மையத்தை நடத்தினது ரெண்டு பேர்: சென்னை சி-டேக், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துல இருக்கிற ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம். பாஸ் லினக்ஸ் வந்தது அந்த முயற்சியிலதான்.

பேர் மாறினாலும் சிக்கல்

விற்கிறது மட்டும்தான் கைமாத்துறதுன்னு நினைக்காதீங்க. ஒருத்தர் தனி ஓனரா ஒரு ஷாப் நடத்துறார்னு வைச்சுக்குவோம். தொழில் வளருது. ஆடிட்டர் சொல்றார்னு பிரைவேட் லிமிடெட் ஆக்குறார். அதே ஷெட், அதே மெஷின், அதே ஆளுங்க, போர்டுல மட்டும் பேர் நீளமா ஆகியிருக்கு. சட்டப்படி அது புது நபர். பழைய ஓனர் பேர்ல வாங்கின லைசென்ஸ் இந்தப் புது நபருக்குத் தானா வந்துடாது. அப்பாவுக்குப் பின்னாடி பையன் எடுத்து நடத்தினாலும், பார்ட்னர்ஷிப் பிரிஞ்சாலும் இதே கதை.

இது கற்பனைப் பயம் இல்ல. அமெரிக்காவுல சின்காம் என்ற கம்பெனி 1989ல ஆல்கன் என்ற அலுமினியம் குழுமத்தின் ஒரு பிரிவுக்கு லைசென்ஸ் கொடுத்தது. பின்னாடி குழுமத்துக்குள்ளயே சில இணைப்புகள் நடந்து அந்தப் பிரிவு நோவெலிஸ் என்ற பேருக்கு வந்தது. சாஃப்ட்வேர் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோ ஆலையில, அதே கம்ப்யூட்டர்லயே இருந்தது. ஆனாலும் 2009ல மேல்முறையீட்டு நீதிமன்றம், எழுத்து மூலமான சம்மதம் வாங்காம லைசென்ஸ் கைமாறிடுச்சு, அது காப்புரிமை மீறல்தான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2007லயே அந்த நோவெலிஸை வாங்கியிருந்தது யார் தெரியுமா? நம்ம ஊர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஹிண்டால்கோ. பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

கோர்ட் என்ன சொல்லுது?

அமெரிக்காவுல ஒரு வழக்கு நம்ம பல்லாவரம் சந்தைக் கதை மாதிரியே இருக்கும். டிமோதி வெர்னர் என்பவர் பழைய பொருள் வாங்கி ஈபேயில விற்கிறவர். 2007ல ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் தன் பழைய பொருள்களை விற்கும்போது, ஆட்டோகேட் ரிலீஸ் 14 காப்பிகள் நாலு வாங்கினார். எல்லாம் ஒரிஜினல். அந்த ஆபீஸ் ஏற்கெனவே புது வெர்ஷனுக்கு அப்கிரேடு ஆகி, பழசை அழிச்சுடுறோம்னு ஒப்புக்கிட்டிருந்தது. அவர் ஈபேயில போட்டதும் ஆட்டோடெஸ்க் புகார் கொடுத்தது. கீழ் கோர்ட்ல வெர்னர் ஜெயிச்சார். 2010 செப்டம்பர்ல மேல்முறையீட்டுல தோத்தார். லைசென்ஸ்னு சொல்லி, கைமாத்தத் தடை போட்டு, பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு வைச்சிருந்தா, வாங்கினவர் பிரதிக்கு உரிமையாளரே இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. உரிமையாளரே இல்லாதவர்கிட்டயிருந்து வாங்கினா வெர்னருக்கு மட்டும் எப்படி உரிமை வரும்?

ஐரோப்பா நேரெதிர். ஜெர்மனியில யூஸ்டுசாஃப்ட் என்ற கம்பெனி பழைய ஆரக்கிள் லைசென்ஸ்களை வாங்கி விற்றது. 2012 ஜூலை 3 அன்னைக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது: காலவரையில்லாம, ஒரே விலைக்குக் கொடுத்திருந்தா, நீங்க என்ன பேர் வைச்சாலும் அது விற்பனைதான். டவுன்லோடு பண்ணினதா இருந்தாலும் சரி. மறுபடி விற்கிறதைத் தடுக்க முடியாது. ரெண்டு நிபந்தனை மட்டும்: விற்கிறவர் தன் காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கணும், மொத்தமா வாங்கின லைசென்ஸை உடைச்சு கொஞ்சம் மட்டும் விற்கக் கூடாது.

இந்தியாவுக்கு வருவோம். நம்ம கோர்ட்டுகள்ல "சாஃப்ட்வேர் சரக்கா, லைசென்ஸா?" என்ற கேள்வி பெரிசா அலசப்பட்ட மூணு வழக்கைச் சொல்றேன். மூணுமே வரி வழக்கு.

2004 நவம்பர்ல டி.சி.எஸ். – ஆந்திரப் பிரதேச அரசு வழக்கு. "சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாத அறிவு, சரக்கில்ல, விற்பனை வரி கிடையாது" என்பது டி.சி.எஸ். வாதம். சி.டி.யில ஏத்திக் கடையில விற்கிற சாஃப்ட்வேர் சரக்குதான், வரியைக் கட்டுங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

2010 ஆகஸ்ட்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட். சாஃப்ட்வேர் டீலர்கள் சங்கம், "சரக்குன்னு சொல்லி வாட் வாங்கிட்டு, சேவைன்னு சொல்லி சேவை வரியும் கேட்கிறாங்களே" என்று போனாங்க. கோர்ட் சொன்ன பதில்: சாஃப்ட்வேர் சரக்குதான், ஆனா ஒப்பந்தப்படி காப்புரிமை கம்பெனிகிட்டயே இருக்கு, வாங்குறவருக்குக் கிடைக்கிறது பயன்படுத்துற உரிமை. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதனதன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சேவை வரிச் சட்டம் செல்லும்.

2021 மார்ச் 2 அன்னைக்கு உச்ச நீதிமன்றம், இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கு. வெளிநாட்டுக் கம்பெனிக்கு சாஃப்ட்வேருக்காகக் கொடுக்கிற பணம் ராயல்டியா என்பது கேள்வி. ராயல்டியா இருந்தா இங்க வரி பிடிக்கணும். இல்லன்னு கோர்ட் சொன்னது. லைசென்ஸ்னு பேர் வைச்சிருந்தாலும் நடந்தது சரக்கு விற்பனைதான்னு சொன்னது. முன்னாடி சட்டத்தில "ஏற்கெனவே விற்கப்பட்ட பிரதியா இருந்தாலும்" அதன் மறுவிற்பனை மேல உரிமையாளருக்குப் பிடி உண்டு என்று ஒரு வாசகம் இருந்தது. 1999 திருத்தம் அதை எடுத்துடுச்சு. அது முதல் விற்பனைக் கொள்கையை ஏத்துக்கிட்டதுதான்னும் தீர்ப்பு குறிப்பிட்டது. ஆனா ஒரு சாதாரண ஓனர் தன் காப்பியைப் பக்கத்து ஷெட்டுக்கு விற்கலாமாங்கிறது அந்த வழக்கின் கேள்வியே இல்ல.

என் கருத்து

மூணையும் சேர்த்துப் பாருங்க. அரசாங்கம் வரி வாங்கும்போது அது சரக்கு. கம்பெனி வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது அது சரக்கு. திருமுடிவாக்கத்துல ஷாப்பை மூடுற ஒருத்தர், கடனை அடைக்க அதை விற்கலாம்னு வந்தா மட்டும் "சரக்கில்ல ஐயா, உங்க பேர்ல கொடுத்த அனுமதி." இது நியாயமா படல எனக்கு. சரக்குன்னா எல்லாருக்கும் சரக்காகணும்.

நான் கேட்கிறது ரொம்பச் சின்னது. சந்தாவைச் சேர்க்கல, எஜுகேஷன் லைசென்ஸைச் சேர்க்கல. மாணவர் விலையில வாங்கினதை வியாபாரத்துக்கு விற்றா அது ஏமாத்துவேலை. முழு விலை, ஒரே தடவை, காலவரை இல்லாம வாங்கின லைசென்ஸுக்கு மட்டும், "ஒப்பந்தத்தில என்ன எழுதியிருந்தாலும் ஒரு தடவை விற்றது விற்றதுதான்" என்று காப்புரிமைச் சட்டத்தில ஒரு வரி.

எதிர் வாதம் இல்லாம இல்ல. "விற்கிறவன் ஒரு காப்பியை வைச்சுக்கிட்டு விற்பான், பைரசி பெருகும்" என்பாங்க. நியாயமான கவலைதான். பழைய லேத்தை விற்றா அது உங்ககிட்ட இருக்காது, சாஃப்ட்வேர் இருக்கலாம். ஆனா சரண்டர்னு ஒண்ணைப் பார்த்தோமே? ஒரு மெஷின்ல சரண்டர் பண்ணி இன்னொண்ணுல ஆக்டிவேட் பண்ற வசதி கம்பெனிகள்கிட்ட ஏற்கெனவே இருக்கு. தன் ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல பண்ண முடிஞ்சதை ரெண்டு ஓனருக்கு நடுவுலயும் பண்ணலாம். டெக்னாலஜி தடையில்ல, மனசுதான் தடை.

"மறுவிற்பனை வந்தா கம்பெனிகள் எல்லாத்தையும் சந்தாவா மாத்திடும்" என்பது இன்னொரு வாதம். மாத்திக்கிட்டேதான் இருக்காங்க, மறுவிற்பனைச் சட்டம் இல்லாத ஊர்லயும். ஆனா இன்னும் எத்தனையோ ஷாப்கள்ல பழைய நிரந்தர லைசென்ஸ் ஓடிக்கிட்டு இருக்கு. அதோட மதிப்பு ஓனர் கையில இருக்கணும்.

மூணாவது வாதம் நம்ம பசங்க சொல்றது: "எதுக்கு இவ்வளவு பேச்சு, கிராக் போட்டா முடிஞ்சுது." காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவைப் படிங்க. திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல பயன்படுத்துறவருக்கு 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லன்னா கோர்ட் சிறையைத் தவிர்க்கலாம், ஷாப்ல ஓட்டினா அந்தச் சலுகை கிடைக்காது. கவனிங்க, சட்டம் "ஓனர்"னு சொல்லல, "பயன்படுத்துறவர்"னு சொல்லுது. மவுஸ் பிடிச்சு உட்கார்ந்திருக்கிறது யாரு? நாமதான். "சார் சொன்னார், நான் பண்ணேன்" என்பது நல்ல பதில் இல்ல. செகண்ட் ஹேண்ட் கதவை மூடி வைச்சா, முழு விலை கொடுக்க முடியாத சின்ன ஷாப் கிராக் பக்கம்தான் போகும், அதுல முதல்ல மாட்டுறது இருபத்திரண்டு வயசு இன்ஜினியர். மறுவிற்பனைச் சந்தை இருந்தா நேர்மையா இருக்கிறதுக்குக் கட்டுப்படியாகிற ஒரு விலை இருக்கும்.

சட்டம் வர்ற வரைக்கும்

வேலைக்குப் போனதும் இந்தக் கேள்விகளைக் கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கப்படத் தேவையில்ல.

இது யார் பேர்ல இருக்கு? தனி ஆளா, கம்பெனியா, எந்த ஈமெயிலா? பழைய ஊழியரோட சொந்த ஜிமெயில்ல லைசென்ஸ் இருந்தா, அவர் போறதுக்கு முன்னாடியே மாத்துங்க.

எதோட கட்டுப்பட்டது? மெஷினா, ஆளா, சர்வரா, டாங்கிளா?

ஒப்பந்தத்தில "டிரான்ஸ்ஃபர்", "அசைன்மென்ட்" என்ற ரெண்டு வார்த்தையைத் தேடிப் பாருங்க. அம்பது பக்கம் படிக்க வேண்டாம், அந்த ரெண்டு பத்தி போதும். எழுத்து மூலம் சம்மதம் வேணும்னு இருந்தா, கம்பெனி பேர் மாறுறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டு பதிலை வாங்கி வைச்சுக்கோங்க.

செகண்ட் ஹேண்ட் மெஷினோட சாஃப்ட்வேரும் வருதுன்னு சொன்னா, விலை பேசுறதுக்கு முன்னாடியே சாஃப்ட்வேர் கம்பெனியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்க. கடிதம் இல்லன்னா சாஃப்ட்வேருக்கு மதிப்பு பூஜ்யம்னு வைச்சு மெஷினுக்கு மட்டும் விலை பேசுங்க.

கடைசியா, ஓப்பன் சோர்ஸ்ல முடியுமான்னு பாருங்க. எல்லா வேலைக்கும் முடியாது, அது உண்மை. அஞ்சு ஆக்சிஸ் மெஷினிங்குக்கு ஃப்ரீகேட் போதும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஃபிக்சர் டிராயிங், ஆபீஸ் வேலை, சாதாரணக் கணக்குகளுக்கு ஃப்ரீகேட், லிப்ரேஆபீஸ், சைலேப் தாராளமா போதும். நாளைக்கு ஷாப் கைமாறினா இதுவும் சேர்ந்து கைமாறும், யாருக்கும் லெட்டர் போட வேண்டியதில்ல.

நாம எழுதப்போற லைசென்ஸ்

இதுவரைக்கும் வாங்குறவர் பக்கம் நின்னு பேசினேன். ஆனா நாம எழுதுறவங்களும்தான். நம்ம காலேஜ்ல எத்தனை பேர் குரோம்பேட்டை கடைக்கு ஒரு பில்லிங் ஆப், பம்மல்ல ஒரு கம்பெனிக்கு ஸ்டாக் ஆப்னு பண்ணிக் கொடுத்திருக்கீங்க? காசு கைக்கு வந்ததும் கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். எழுத்துல ஒண்ணும் இருக்காது.

சட்டம் இதுல தெளிவா இருக்கு. நீங்க ஊழியரா, வேலையின் பகுதியா எழுதின கோடுக்கு வேற ஒப்பந்தம் இல்லன்னா முதலாளிதான் முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸா எழுதினா உரிமை உங்ககிட்டயே இருக்கும், எழுத்துல மாத்திக் கொடுத்தாத்தான் போகும். அப்படிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க. அதாவது, உங்களுக்குக் காசு கொடுத்த கடைக்காரர் தன் கடையை விற்கும்போது, ஆப்பையும் சேர்த்துக் கொடுக்கலாமான்னு அவருக்கே தெரியாது. பெரிய கம்பெனி அவரை வைச்ச அதே இடத்துல நாமளும் வைக்கிறோம்.

அதனால அடுத்த தடவை ப்ராஜெக்ட் டெலிவரி பண்ணும்போது ஒரு பக்கம் தமிழ்ல எழுதிக் கொடுங்க. கோடு யாருடையது, எத்தனை மெஷின்ல போடலாம், கடை கைமாறினா ஆப்பும் கைமாறுமா. கடைசிக் கேள்விக்கு என் ஓட்டு "கைமாறும்". காசு கொடுத்து வாங்கியிருக்கார், அதை விற்கிற உரிமையும் அவருக்கு இருக்கட்டும்.